டிவி உள்ள அறை

குற்றாலம்
9 பிப்ரவரி 2025

அன்பு மகள் ஜோதிலட்சுமிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம்தானே? அங்கே குளிர் விட்டுவிட்டதா? எனக்குச் சர்க்கரை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. காதுதான் மோசம். வலது காது முழுசாகக் கடையைக் கட்டிவிட்டது. இடது காது பாதிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அப்பா ஏன் போனில் பேசுவதில்லை என்று உன் அண்ணனிடம் கேட்டாயாம். நீ பேசுவது எனக்கு விளங்காது. நான் 'என்ன, என்ன' என்று கத்துவது தெருவுக்கே விளங்கும். பிறகு உன் மதினி போனை வாங்கி, நீ பத்து வார்த்தை சொன்னதை இரண்டு வார்த்தையாக்கி என் காதில் கத்துவாள். தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே தலை நரைத்தவன் நான். எனக்குக் கடிதமே போதும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. போன வாரம் ஹாலில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்திருந்தேன். டாக்டர் படிப்புப் பரீட்சைக்கு மாடியில் படித்துக்கொண்டிருந்த பேத்தி அபர்ணா இறங்கி வந்தாள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைமேல் தப்பில்லை. உன் மதினி உலகநாயகி அடுப்படியிலிருந்து வந்து, "மாமா, உங்களுக்குத்தான் கேக்காதுல்லா? சத்தம் வச்சா என்ன, வைக்காட்டி என்ன?" என்றாள். அவள் சொல்வதில் பாதி எனக்கு விழாது. இது மட்டும் சுத்தமாக விழுந்தது.

அன்றிலிருந்து ஹாலுக்குப் போவதை விட்டுவிட்டேன். முன்னறை எனக்கு இருக்கவே இருக்கிறது. உன் அம்மா படுத்திருந்த கட்டில், எதிர்ச் சுவரில் அவள் படம், ஜன்னலைத் திறந்தால் ஐந்தருவி ரோடு. வேறென்ன வேண்டும்? சாப்பாடும் அங்கேயே வந்துவிடுகிறது. இதை நீ மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் வணக்கம். பேரனுக்கு முத்தம்.

உன் அப்பா,
பால்வண்ணநாதன்

*

பிலாய்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஜோதி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அத்தைக்கு மூட்டுவலி அதிகமாகி, இப்போது உள்ளறையை அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். நாங்கள் மூவரும் முன்னறையில். உங்கள் மாப்பிள்ளைக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். மனசில் போட்டுக் குழப்பாதே என்று எழுதினால் குழப்பாமல் இருப்பேனா? அம்மா இருந்திருந்தால் மதினி இப்படிப் பேசியிருப்பாளா?

நான் ஒரு முடிவு செய்துவிட்டேன். உங்கள் அறைக்கு என்று தனியாக ஒரு டிவி. பிளவுஸ் தைத்துச் சேர்த்த பணம் கொஞ்சம் வைத்திருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது. சின்னதாக, ஆனால் படம் தெளிவாகத் தெரிகிற எச்டி டிவியாக வாங்கலாம். காது போனாலும் கண் இருக்கிறதே, கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க வேண்டாமா? சத்தத்துக்கும் வழி இருக்கிறது. ஹெட்போன் மாட்டுகிற மாதிரி டிவி வருகிறதாம். நீங்கள் எவ்வளவு சத்தம் வைத்தாலும் உங்கள் காதோடு நின்றுவிடும். யாரும் வந்து ரிமோட்டைப் பிடுங்க மாட்டார்கள்.

கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் எத்தனை அடி இருக்கும், பிளக் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுங்கள். வேண்டாம் என்று எழுதினால் நான் படிக்கவே மாட்டேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்,
ஜோதி

*

குற்றாலம்
12 மார்ச் 2025

அன்பு ஜோதிக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்குக் குறைவில்லை. சம்பந்தியம்மாளுக்கு மூட்டுவலி என்று படித்து வருத்தப்பட்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடு.

படிக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்: டிவி வேண்டாம். பெண்ணைக் கொடுத்த வீட்டுக் காசில் டிவி பார்த்த முதல் ஆள் என்று நம் குடும்பத்தில் எனக்குப் பெயர் வேண்டாம். உன் தாத்தா உன் அத்தை வீட்டுக்குப் போனால் திரும்புகிற வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவ்வளவு முறுக்கு எனக்கில்லை. இருந்தாலும் கொஞ்சமாவது இருக்காதா?

இன்னொரு காரணமும் உண்டு. சீசன் வந்தால் உன் அண்ணன் மாடி அறைகள் இரண்டையும் அருவிக்கு வருகிறவர்களுக்கு விடுகிறான், உனக்குத் தெரியும். போன ஆடியில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து என் அறையையும் எட்டிப் பார்த்தது. "டிவி இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் அண்ணன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். குளிக்க வருகிறவனுக்கு டிவி எதற்கு என்று கேட்காதே. அருவியில் தண்ணீர் இல்லாத நாளும் உண்டு, தண்ணீர் மிஞ்சிப்போய்ப் போலீஸ் தடை போடுகிற நாளும் உண்டு. அன்றைக்கெல்லாம் அவன் அறையில் அடைந்து கிடந்து எதைப் பார்ப்பான்? ஆக, டிவி இல்லாததால் எனக்கு மிஞ்சியிருக்கிற அறை இது. அதில் நீ டிவியைக் கொண்டுவந்து மாட்டப் பார்க்கிறாய்.

இவ்வளவும் எழுதிவிட்டு உண்மையையும் எழுதிவிடுகிறேன். நேற்றுப் பென்ஷன் விஷயமாகத் தென்காசி போனேன். திரும்பும்போது கால் தானாகத் தேரடிப் பக்கம் மசூது கடைக்குள் நுழைந்துவிட்டது. மசூதின் வாப்பாவுக்கு நான் எத்தனையோ மணியார்டர் கொடுத்திருக்கிறேன். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். பெரிய பெரிய டிவிகளுக்குக் கீழே, ஒரு மூலையில் இருபத்துநாலு அங்குலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, இது கடைக்காரன் கேமரா பாக்கதுக்கு வாங்குத டிவி. வீட்டுக்கு யாரு வாங்குதா? கொஞ்சம் கூடப் போட்டா முப்பத்திரெண்டு வந்துரும்லா!"

எனக்கு இதுதான் வேண்டும் என்றேன். அவன் அதன் பின்னால் இருந்த ஓட்டையில் ஹெட்போன் வயரைச் செருகி என் தலையில் மாட்டிவிட்டான். ஒரு ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார். ஜோதி, எனக்குக் கேட்டது. தாளம் கேட்டது, அவர் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. உன் அம்மா போன பிறகு நான் ஒரு பாட்டைக் கடைசிவரை கேட்டதில்லை. கடையில் வைத்து, நாலு பேருக்கு முன்னால், எனக்கு அழுகை வந்துவிட்டது. மசூது நல்லவன். குனிந்து ஏதோ வயரைச் சரிசெய்கிற மாதிரி இருந்துகொண்டான்.

வாங்கு என்று சொல்லவில்லை. வாங்குவதாக இருந்தால் அந்த இருபத்துநாலுதான். அதற்குமேல் ஒரு அங்குலம் கூடாது. அறை கேட்டு வருகிறவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக வேண்டும்.

கட்டிலிலிருந்து சுவருக்கு ஏழடி. பிளக் இடது பக்கம்.

உன் அப்பா

*

பிலாய்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுவது. நீயும் மதினியும் சுகமா? அபர்ணாவுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டதே, நன்றாகச் சாப்பிடச் சொல். நான் போனில் பேசினால் இங்கே இவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எதிர்வீட்டு அக்கா போனிலிருந்து உன் நம்பருக்குப் பணம் வந்திருக்குமே, அது அப்பா டிவிக்கு. அப்பா இருபத்துநாலு அங்குலமே போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். சரி என்று எழுதிவிட்டேன். ஆனால் இங்கே கடையில் போய் அதைப் பார்த்தேன் அண்ணா. ஏழடி தூரத்திலிருந்து கீழே ஓடுகிற எழுத்தை அவரால் படிக்கவே முடியாது. அதனால் நீ முப்பத்திரண்டு வாங்கு. தையல் பணம் போதவில்லை என்று என் தோட்டை அடகு வைத்துக் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன், இதையும் யாரிடமும் சொல்லாதே. 'எச்டி ரெடி' என்று ஒட்டியிருப்பதைத் தள்ளிவிடுவார்கள், ஏமாறாதே. 'ஃபுல் எச்டி' என்று கேட்டு வாங்கு. புளூடூத் இருக்க வேண்டும், வயர் இல்லாத ஹெட்போன் மாட்ட. கேபிள் பாக்ஸையும் எச்டிக்கு மாற்றிவிடு, பழைய பாக்ஸைப் போட்டால் எவ்வளவு நல்ல டிவியானாலும் படம் மங்கல்தான். கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டு. அங்கே அம்மா படம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் பக்கத்துச் சுவருக்கு நகர்த்திக்கொள்.

அப்பா ஏன் சின்ன டிவி கேட்கிறார் தெரியுமா? பெரிதாக இருந்தால் நீ அந்த அறையையும் சீசனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவாயாம்! படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன். வயசானால் இப்படியெல்லாம் சந்தேகம் வருமோ என்னவோ. நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை,
ஜோதி

*

குற்றாலம்
18 மே 2025

அன்பு ஜோதிக்கு,

உனக்கு ஆசீர்வாதமும் திட்டும் சேர்த்து அனுப்புகிறேன். இருபத்துநாலு என்றால் உன் ஊரில் முப்பத்திரண்டா? உன் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அது ஹாலுக்கு என்றுதான் நினைத்தேன். நேரே என் அறைக்குள் போனான். மசூதே ஆளோடு வந்து சுவரில் துளை போட்டு மாட்டிவிட்டுப் போனான்.

திட்டி முடித்தாயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறேன். காலையில் ஓதுவார், மதியம் பழைய படம், சாயங்காலம் செய்தி. செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்குத்திக் கல்கூடத் தெரிகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் இந்த வீட்டில் எனக்குக் காது கேட்காது என்பதே மறந்துபோகிறது. பரீட்சை முடிந்ததால் அபர்ணா தினமும் சாயங்காலம் வந்து கட்டிலில் உட்காருகிறாள். கிரிக்கெட் பார்க்கிறோம். யார் அவுட் என்று என் கையில் விரலால் எழுதிக் காட்டுகிறாள். ஒரு நாள் சிரித்துக்கொண்டே ஹெட்போனைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, சத்தம் தாங்காமல் அலறிவிட்டாள். இந்த அறையில் இப்படிச் சிரிப்பு இருந்து எவ்வளவு நாளாயிற்று! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன்னை நினைத்துக்கொள்கிறேன். பெண் வீட்டுக் காசு என்பதையும் மறந்துவிட்டேன்.

முந்தாநாள் உன் அண்ணன் வந்து அறையைக் கூட்டிப் பெருக்கி, கட்டிலில் புது விரிப்புப் போட்டு, டிவியை ஓடவிட்டுப் போனில் நாலைந்து படம் எடுத்தான். என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னான். உனக்கு அனுப்பத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். வந்திருக்குமே, பார்த்தாயா? நான் இல்லாமல் எடுத்துவிட்டான், மடையன்.

சாரல் இந்த வருஷம் சீக்கிரமே விழும் என்கிறார்கள். நீ பேரனைக் கூட்டிக்கொண்டு வரலாமே.

உன் அப்பா

*

பிலாய்
3 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் காசுப் பேச்சு இல்லாத இடத்தை இவரிடம்கூடப் படித்துக் காட்டினேன், தோடு விஷயம் இவருக்குத் தெரியக் கூடாதே. "உங்க அப்பாவுக்கு நல்ல குசும்பு" என்றார். தோடு என்ன என்று நீங்கள் கேட்கக் கூடாது, நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனசு நிறைந்துவிட்டது அப்பா. முப்பத்திரண்டுதான் சரி என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறீர்களா? உங்கள் பயமெல்லாம் வெறும் பயம். அண்ணன் அப்படிச் செய்கிறவனா?

படம் எதுவும் எனக்கு வரவில்லை. அண்ணன் மறந்திருப்பான், நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். லீவுக்கு வர முடியாது, அத்தையைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் நகர முடியவில்லை. அபர்ணா ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஜோதி

*

பிலாய்
8 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உங்கள் கடிதம் வரவில்லை. நீங்கள் இப்படி இருந்ததே இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தால், "அப்பாக்கு என்ன, நல்லாத்தான் இருக்காவ. சீசன் நேரம், ஆள் வந்துட்டே இருக்கு, பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறான். மதினி எடுப்பதே இல்லை. அபர்ணாவுக்கு மார்க் போதவில்லை என்று மட்டும் தெரிந்தது. டிவி ஓடுகிறதா? உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜோதி

*

குற்றாலம்
20 ஜூலை 2025

அன்பு ஜோதிக்கு,

ஆசீர்வாதம். நான் சுகம். கடிதம் எழுதச் சோம்பல், வேறொன்றுமில்லை. சாரல் நன்றாக விழுகிறது. ஐந்தருவியிலும் தண்ணீர், பேரருவியிலும் தண்ணீர். ஊர் முழுக்க வண்டி.

அபர்ணாவைத் திருநெல்வேலியில் கோச்சிங்கில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் மறுபடி எழுதுவாள். போகும்போது என் காதருகே வந்து, "தாத்தா, கிரிக்கெட் பாருங்க, நா வந்து ஸ்கோர் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிவி நன்றாக ஓடுகிறது. நேற்றுக்கூட ரொம்ப நேரம் ஓடியது. எல்லாரும் படம் தெளிவு என்கிறார்கள். படுக்கையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கிறோம், காற்று நன்றாக வருகிறது. நீ வீணாகக் கவலைப்படாதே. அண்ணனுக்கு அடிக்கடி போன் செய்யாதே, பாவம், அவனுக்கு வேலை அதிகம்.

உன் அப்பா

*

பிலாய்
5 ஆகஸ்ட் 2025

முத்துகுமரன் அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அப்பா கடிதத்தில் 'எல்லாரும் படம் தெளிவு என்கிறார்கள்' என்று இருந்தது. யார் அந்த எல்லாரும் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு அக்கா போனில் குற்றாலத்தில் ரூம் என்று போட்டுத் தேடினேன். நம் வீடு வந்தது. 'குடும்பத்துடன் தங்க, ஃபுல் எச்டி டிவி உள்ள அறை.' என் அம்மா உயிர் விட்ட கட்டில், அதில் யாருக்கோ புது விரிப்பு. நான் தோட்டை வைத்து வாங்கிய டிவி சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா படம் எந்தச் சுவரிலும் இல்லை.

அப்பா எங்கே படுக்கிறார்? இதற்கு மட்டும் பதில் சொல். மாடிப்படிக்குக் கீழே, நீங்கள் மெத்தை அடுக்கி வைக்கிற இடத்திலா? அப்படித்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. நீ இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவேன், சொல்லேன் பார்ப்போம்.

காது கேட்காத மனுஷனுக்குச் செய்கிற வேலையா இது? நீ நன்றாக இருப்பாயா?

ஜோதிலட்சுமி

*

குற்றாலம்
19 ஆகஸ்ட் 2025

தங்கை ஜோதிலட்சுமிக்கு,

நீ எழுதினாய், நானும் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் வாய் நிற்காது.

ஆமாம், மாடிப்படிக்குக் கீழேதான். கொசுவலை கட்டியிருக்கிறேன், ஃபேன் போட்டிருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்குப் போகிறது. பட்டினி போட்டது மாதிரி எழுதாதே.

அபர்ணாவை ஹாஸ்டலில் சேர்க்க நான் எங்கே போவேன்? மாடியில் ஒரு அறை ஒழுகுகிறது, வருகிறவன் பார்த்ததும் ஓடுகிறான். முன்னறைக்குத் தெருவாசல், டிவி, பக்கத்திலேயே பாத்ரூம். மாடி அறைகள் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது அந்த ஒரு அறைக்குக் கிடைக்கிறது. கேட்கிறவனிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வசதி இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். போன வருஷம் மதுரைக்காரர்கள் கேட்டபோதே எனக்கு ஆசை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இந்த வருஷமும் வந்திருக்காது. ஆனால் ஏப்ரலில் நீ எழுதினாயே, அப்பா இப்படிப் பயப்படுகிறார் என்று சிரித்துக்கொண்டு? அதைப் படித்த பிறகு, அவர்தான் ஏற்கனவே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாரே, கேட்டால் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தைரியம் வந்தது. கேட்டேன். "சரிலே, எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை.

தூரத்தில் இருந்துகொண்டு டிவி அனுப்புவது சுலபம். பக்கத்தில் இருந்து பார்க்கிறவனுக்குத்தான் கெட்ட பெயர். ஆவணி முடிந்தால் அறை அவருக்குத்தான்.

அண்ணன்,
முத்துகுமரன்

*

பிலாய்
2 செப்டம்பர் 2025

என் அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்லவில்லை, அண்ணன் சொன்னான். நான்தான் அப்பா காரணம். நீங்கள் அவ்வளவு தெளிவாக எழுதினீர்கள், நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் அவனுக்கே எழுதிவைத்தேன். என் கையை வெட்டிப் போட வேண்டும்.

அந்த டிவியைக் கழற்றுங்கள். மசூதிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பாதி விலை கொடுத்தாலும் சரி, சும்மா எடுத்துக்கொண்டாலும் சரி. இல்லாவிட்டால் உடைத்துப் போடுங்கள். வீடு உங்கள் பேரில்தானே இருக்கிறது? நான் சொன்னேன் என்று மதினியிடம் சத்தமாகக் கேளுங்கள். மேலகரம் சித்தப்பாவைக் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள். மாடிப்படிக்குக் கீழே அப்பாவைப் படுக்க வைத்துச் சம்பாதித்த காசில் படித்து அவள் என்ன டாக்டர் ஆகப்போகிறாள்?

எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. நீங்கள் தினமும் அந்த அறைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிற மாதிரியே தெரிகிறது. ஏதாவது செய்யுங்கள் அப்பா. சும்மா இருக்காதீர்கள்.

பாவி மகள்,
ஜோதி

*

குற்றாலம்
28 செப்டம்பர் 2025

அன்பு மகள் ஜோதிக்கு,

ஆசீர்வாதம். உடம்பு பரவாயில்லை. படிக்குக் கீழே குனிந்து நிமிர்ந்து இடுப்புத்தான் கொஞ்சம் பிடித்திருக்கிறது. உன் அம்மா படம் என்னோடுதான் இருக்கிறது. மாலை போட்ட படம் இருந்தால் வந்து தங்குகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். எனக்கு ஒன்றும் ஒரு மாதிரி இல்லை.

அபர்ணாவை ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு இது தெரியாது. லீவுக்கு வந்தால்தான் தெரியும். அதனாலேயே லீவுக்கு வர வேண்டாம், படி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நீ காரணம் என்று எழுதியிருக்கிறாய். இல்லை என்று எழுதத்தான் இந்தக் கடிதம். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நடந்ததையே சொல்கிறேன்.

இங்கே சும்மா இருக்க முடியவில்லை என்று, வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, வாளி எடுத்து வைப்பது என்று நானாகவே செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் விருதுநகர்க்காரர் ஒருவர் ரிமோட்டைக் காட்டி ஏதோ சொன்னார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. கடைக்குப் போய் வாங்கி வந்து போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது என் சட்டைப்பையில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார். வாட்ச்மேன் என்று நினைத்துவிட்டார். உன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். 'இவர் என் அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் கிடந்த செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு, நீ சொல்வதற்கு முன்பே ஒரு வேலை செய்துவிட்டேன். அறை காலியான நேரத்தில் உள்ளே போய், பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகிற வயரைப் பிடுங்கி என் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். உன் அண்ணன் தேடிப் பார்த்துவிட்டு, எலி இழுத்திருக்கும் என்றான். மறுநாள் சனிக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து நாலு பையன்கள் வந்தார்கள். டிவி ஓடாது என்று நானே போய்ச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா? இப்போது முகத்தைச் சுளிப்பார்கள், அடுத்த வீட்டுக்குப் போவார்கள், அறை எனக்குத் திரும்பிவிடும் என்று நின்றேன்.

ஒரு பையன் என் இடது காதருகே வந்து கத்தினான்: "பரவால்லங்க தாத்தா, டிவியெல்லாம் இப்ப யாருங்க பாக்கறாங்க? நாங்க போன்லயே பாத்துக்கறோம்!"

பையை உள்ளே எறிந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். ஒரு தடவைகூட டிவி பக்கம் திரும்பவில்லை. அதே வாடகைதான் கொடுத்தார்கள். உன் அண்ணனும் ஒன்றும் குறைத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் விளங்கியது. டிவி இல்லாததால் அறை எனக்கு மிஞ்சியது என்று இத்தனை நாள் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். டிவி ஒரு சாக்குத்தான். கேட்க உன் அண்ணனுக்கு வாய் வரவில்லை, வாய் வந்ததும் கேட்டுவிட்டான். உன் டிவி இல்லாவிட்டாலும் அறை போயிருக்கும். வயரை எடுத்துக்கொண்டு போய் நானே திரும்பச் செருகிவிட்டு வந்தேன். அதனால் இனி டிவியை நினைத்து நீ அழ வேண்டாம்.

ஆவணி முடிந்துவிட்டது. அறை திரும்ப வரவில்லை. கார்த்திகையில் ஐயப்பன் கோவிலுக்குப் புளியறை வழியாகப் போகிறவர்கள் இங்கே ஒரு நாள் தங்கிக் குளித்துவிட்டுப் போவார்கள். அதற்கு இப்போதே அட்வான்ஸ் வாங்கியாயிற்று. தை பிறக்கிற வரைக்கும் ஆள் இருக்கும். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறான். வீடு என் பேரில்தான் இருக்கிறது. என் பேரில் இருக்கிற வீட்டில்தான் படிக்குக் கீழே படுத்திருக்கிறேன். மேலகரம் சித்தப்பா வந்து காப்பி குடித்துவிட்டு, "பையனுக்கும் கஷ்டம்லா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணனைத் திட்டியிருக்கிறாய், அபர்ணாவைத் திட்டியிருக்கிறாய், உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாய். கழற்றச் சொல்கிறாய், உடைக்கச் சொல்கிறாய், சண்டை போடச் சொல்கிறாய். 'அப்பா, நீங்கள் இங்கே புறப்பட்டு வாருங்கள்' என்று மட்டும் எழுதவில்லை. உன்மேல் எனக்குக் குறையில்லை. இருப்பது இரண்டு அறை, ஒன்றில் சம்பந்தியம்மாள். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்த காசு வேறு. எனக்குத் தெரியாதா? பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து தங்க அப்பாவுக்கு மனம் ஒப்பாது என்று நினைத்து விட்டிருப்பாய். எழுதாமல் விட்டது நல்லதுதான். எழுதியிருந்தால் வந்திருப்பேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனுக்கு முத்தம். தோட்டை மீட்டுவிடு.

அப்பா